தனிநாயகம் அடிகளாரின் முதல் ஆய்வும் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும்

தனிநாயகம் அடிகளாரின் பெயரைச் சொன்னதும் எம்மவர் நினைவுக்கு வருவன உலகத் தமிழாராய்ச்சி மன்றமும் அது நடத்திய மாநாடுகளுமே. தமிழைப் பன்னாட்டு அறிஞர்களின் ஆய்வுப் பொருளாக்கிய பெருமகனார் என்று மேடைதோறும் அவர் போற்றப்படுகின்றார். அது முற்றிலும் தகும். ஆயினும் அவர் எழுதிய முதல் பெரிய ஆய்வு தமிழைப் பற்றியது அன்று என்பதை எம்மிற் பலர் அறியார். உரோமாபுரியில் இறையியல் மாணவராக இருந்த காலத்தில், இன்று துனீசியா எனப்படும் வட ஆபிரிக்க நாட்டின் பழைய நகரமான கார்த்தேஜில் 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் சிப்ரியானின் காலத்துக் குருக்களைப் பற்றியே அவர் தமது கலாநிதிப் பட்ட ஆய்வை எழுதினார். கார்த்தேஜின் குருகுலம் என்னும் பொருள்படும் தலைப்பில் அந்த ஆய்வு பின்னர் ஆங்கில நூலாகவும் அச்சேறியது. அடிகளாரின் வாழ்வை அந்த வாயிலின் வழியே நுழைந்து நோக்குவதும், சிப்ரியானின் எழுத்துக்களை அறியாத வாசகர்களுக்கு அவற்றை அறிமுகம் செய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

அடிகளார் 1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்தார். தந்தை வழியில் நெடுந்தீவுத் தொடர்பு உண்டு. தனிநாயகம் என்னும் பெயரே நெடுந்தீவின் முன்னோர் ஒருவரின் பெயரிலிருந்து பிற்காலத்தில் அவர் விரும்பி ஏற்றுக்கொண்டதாகும். ஒல்லாந்தர் எமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று, நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. இவற்றுள் கடைசிப் பெயர் மாத்திரமே அரச ஏடுகளில் இன்றும் நிலைத்திருக்கின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறிமாறி ஆண்ட துறைமுகப் பகுதியிற் பிறந்த ஒருவர், பிற்காலத்தில் லிஸ்பனிலும் உரோமாபுரியிலும் தமிழ் ஏடுகளைத் தேடி அலைந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கின்றது.

ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்ற பின்னர், கொழும்பு புனித பெர்னார்ட் குருமடத்திற் சேர்ந்தார். 1934இல் உரோமாபுரிக்குச் சென்று ஊர்பன் பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1938 மார்ச் 19ஆம் திகதி குருவாக அருட்பொழிவு பெற்றார். ஐரோப்பா இரண்டாம் உலகப் போரை நோக்கிச் சரிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அக்காலத்திலேதான் அவர் சிப்ரியானின் இலத்தீன் கடிதங்களோடு அமர்ந்திருந்தார்.

சிப்ரியான் யார்? 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிறந்து, கார்த்தேஜில் நாவன்மைக் கலையைக் கற்பித்துச் செல்வமும் செல்வாக்கும் பெற்றிருந்தவர். 246ஆம் ஆண்டளவிற் கிறிஸ்தவரானார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே அந்நகரின் ஆயராகத் தெரிவு செய்யப்பட்டார். புதிதாக வந்தவர் தமக்கு மேலே உயர்த்தப்பட்டதை மூத்த குருக்கள் சிலர் பொறுக்கவில்லை. அந்தப் பகை அவரது பணிக்காலம் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. 258 செப்டெம்பர் 14ஆம் திகதி தலை வெட்டப்பட்டு மறைசாட்சியாக மரணமானார். ஆயராக இருந்தது ஏறத்தாழப் பத்து ஆண்டுகளே. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு பெரும் துன்புறுத்தல், ஒரு கொள்ளைநோய், இரண்டு பிளவுகள், உரோமை ஆயருடன் ஒரு கடும் தகராறு, மீண்டும் ஒரு துன்புறுத்தல் என அவர் காணாதது எதுவுமில்லை.

அவரது எழுத்துக்களுள் மிகவும் உயிர்ப்புள்ளவை கடிதங்கள். அவர் எழுதியவையும் அவருக்கு எழுதப்பட்டவையுமாக 81 கடிதங்கள் கொண்ட ஒரு தொகுதி எமக்குக் கிடைத்திருக்கின்றது. வியன்னாவில் ஹார்ட்டெல் என்பவர் 1868 முதல் 1871 வரையான காலத்திற் பதிப்பித்த இலத்தீன் மூலமே நீண்ட காலம் அறிஞர்களின் கையேடாக இருந்தது. இறையியல் நூல் என்றதும் விளங்காத தத்துவச் சொற்களே நிறைந்திருக்கும் என்று அஞ்சும் வாசகர் இக்கடிதங்களைத் திறந்தால் வியப்படைவர். யாருக்கு எவ்வளவு பணம் கொடுப்பது, சிறையிலிருப்பவர்களை யார் போய்ப் பார்ப்பது, இறந்தவரின் நாளை எவ்வாறு குறித்து வைப்பது என்பன போன்ற அன்றாட நிருவாகமே அவற்றில் நிறைந்து கிடக்கின்றது.

250ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை இங்கு சற்று விரித்துக் கூறவேண்டும். உரோமப் பேரரசன் தேசியுஸ், பேரரசின் மக்கள் அனைவரும் அரச தெய்வங்களுக்குப் பலி செலுத்தி அதற்குரிய சான்றுப் பத்திரம் பெறவேண்டும் எனக் கட்டளையிட்டான். எகிப்தின் மணலிற் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் அத்தகைய பத்திரங்கள் நாற்பதுக்கு மேல் உள்ளன. பெயர், ஊர், பலியிட்டதாக உறுதிமொழி, அலுவலரின் ஒப்பம் என எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டவை. போர்க்காலத்தில் ஊர் கடக்கவும் கடல் கடக்கவும் பாஸ் எடுத்து வாழ்ந்த எமது மக்களுக்கு, ஒரு கடதாசித் துண்டில் மனிதனின் உயிர் தொங்குவது என்றால் என்ன என்பதை எவரும் விளக்கவேண்டியதில்லை.

கார்த்தேஜில் கிறிஸ்தவர்களிற் பெரும்பாலோர் பணிந்தனர். சிலர் உண்மையாகவே பலியிட்டனர். சிலர் சாம்பிராணி மாத்திரம் இட்டனர். வேறு சிலர் அலுவலருக்குக் கையூட்டுக் கொடுத்துப் பலியிடாமலே பத்திரத்தைப் பெற்றுக்கொண்டனர். ஒரு சிலர் சிறை சென்றனர், சித்திரவதைப்பட்டனர், இறந்தனர். ஆயர் சிப்ரியானோ நகரை விட்டு வெளியேறி மறைவிடம் ஒன்றிலிருந்து கடிதங்கள் மூலம் தம் சபையை நடத்தினார்.

இந்த ஒளிவு அவருக்குப் பெரும் பழியைத் தேடித் தந்தது. மந்தையை விட்டு மேய்ப்பன் ஓடிவிட்டான் என்ற பேச்சு உரோமாபுரி வரை எட்டியது. அங்குள்ள குருக்களுக்கு அவர் எழுதிய விளக்கக் கடிதம் படிக்கத்தக்கது. தாம் மறைவிலிருந்து கார்த்தேஜுக்கு அனுப்பிய 13 கடிதங்களின் படிகளை அதனோடு இணைத்து அனுப்பி, உடலால் விலகியிருந்தாலும் பணியால் விலகவில்லை என நிறுவ முயல்கின்றார். அவரது வாதம் எல்லோரையும் திருப்திப்படுத்தியதாகத் தெரியவில்லை. எட்டு ஆண்டுகளின் பின் அவர் மரணத்தை எதிர்கொண்ட விதந்தான் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

மறைவிடக் கடிதங்களிலுள்ள அறிவுறுத்தல்கள் நுணுக்கமானவை. சிறையிலுள்ளோரைப் பார்க்கக் கூட்டமாகப் போகவேண்டாம். குருக்கள் ஒவ்வொருவராக, ஒவ்வொரு திருத்தொண்டருடன் மாறிமாறிச் செல்லட்டும். ஒரே முகம் திரும்பத் திரும்பத் தென்பட்டாற் சந்தேகம் வளரும் என்கின்றார். விதவைகளையும் நோயாளரையும் ஏழைகளையும் கவனிக்கச் சொல்கின்றார். தேவையிலிருக்கும் அந்நியர்களையும் மறந்துவிடவில்லை. அவர்களுக்காகத் தமது சொந்தப் பணத்திலிருந்து கொடுக்குமாறு ரொகாசியானுஸ் என்னும் குருவிடம் பொறுப்பித்திருக்கின்றார். மரித்தவர்கள் எந்நாளில் மரித்தனர் என்பதைத் தவறாது குறித்து அனுப்புமாறு கேட்கின்றார். அந்நாட்களே பின்னர் நினைவு நாட்களாகின.

அடிகளாரின் ஆய்வுக்குப் பொருளானது இத்தகைய சான்றுகளிலிருந்து தெரியவரும் குருகுலமே. ஆயர், குருக்கள், திருத்தொண்டர், அவர்களுக்குக் கீழே உப திருத்தொண்டர், பீடத்துணைவர், பேயோட்டுநர், திருநூல் வாசிப்போர் எனப் படிநிலைகள் அக்காலத்திலேயே அமைந்திருந்தன. குருக்களுக்கு மாதந்தோறும் பங்குப் பணம் வழங்கப்பட்டது. சித்திரவதையைத் தாங்கி நின்ற அவுரேலியுஸ், செலெரினுஸ் என்னும் இரு இளைஞரைச் சிப்ரியான் வாசிப்போராக நியமித்தபோது, பதவி கீழ்ப்படியிலிருந்தாலும் பங்கு குருக்களுக்குரிய அளவே எனக் கட்டளையிட்டார். தொகுதியின் முதற் கடிதம் இன்னும் சுவையானது. இறந்துபோன ஒருவர் தமது மரண சாசனத்தில் ஒரு குருவைப் பிள்ளைகளின் பாதுகாவலராக நியமித்துவிட்டார். வழிபாட்டுக்குரியவரைச் சொத்து வழக்குகளுக்குள் இழுத்துவிட்டதற்காக, இறந்தவரின் பெயரால் சபையில் மன்றாடவே கூடாது என்று சிப்ரியான் தீர்ப்பளிக்கின்றார். கடுமைதான். கோயிற் சொத்துக்களும் பள்ளிவாசற் சொத்துக்களும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கும் காலத்தில் வாழும் எமக்கு அந்தக் கடுமையின் காரணம் விளங்காமலும் இல்லை.

துன்புறுத்தல் தணிந்த பின்னர் எழுந்த கேள்வியே சிப்ரியானை வரலாற்றில் நிறுத்தியது. அச்சத்தால் விசுவாசத்தை மறுத்தவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்ப்பதா, விலக்குவதா? சிறைசென்று மீண்டவர்கள், தமது துன்பத்தின் பெருமையால், விரும்பியவர்களுக்கெல்லாம் மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கினர். கார்த்தேஜில் பெலிசிசிமுஸ் என்பவரின் பக்கத்தார் எல்லோரையும் உடனே சேர்க்கவேண்டும் என்றனர். உரோமாபுரியில் நொவாசியான் என்பவரின் பக்கத்தார் ஒருவரையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது என்றனர். சிப்ரியான் இரண்டையும் மறுத்தார். 'வழுவியோர்' பற்றிய நூலை அவர் 251ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வாண்டிற் கூடிய ஆபிரிக்க ஆயர்களின் சங்கம், ஒவ்வொருவரின் கதையையும் தனித்தனியே விசாரித்துத் தீர்க்கவேண்டும் என முடிவு செய்தது. பத்திரம் மாத்திரம் வாங்கியவரும் பலியிட்டவரும் ஒன்றல்லர். தாமே ஓடிப்போய்ப் பலியிட்டவரும் வதையின் முடிவிற் பணிந்தவரும் ஒன்றல்லர். பின்னர் புதிய துன்புறுத்தல் ஒன்று நெருங்குவதாகத் தோன்றியபோது, மனம் வருந்தி நின்ற அனைவரையும் சேர்த்துக்கொள்ள அவரே முன்னின்றார். முன்னைய தீர்மானத்தைத் தளர்த்துவதற்கு அவர் வெட்கப்படவில்லை.

இஸ்லாமிய வாசகர்களுக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. மக்காவில் குறைஷியர் கொடுமையால் தாயும் தந்தையும் கொல்லப்பட, வதை தாங்காது நாவால் மட்டும் பணிந்துபோன அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்கள், கண்ணீருடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, அவரது உள்ளம் எந்நிலையிலிருந்தது என்பதே வினவப்பட்டது. உள்ளத்தில் ஈமான் உறுதியாயிருக்க நிர்ப்பந்திக்கப்பட்டவர் குற்றவாளி அல்லர் என்பதை அந்நஹ்ல் அத்தியாயம் தெளிவுறுத்துகின்றது. கார்த்தேஜ் ஆயரின் தீர்வு இதனினும் இறுக்கமானது. நீண்ட தவமும் பகிரங்க விசாரணையும் வேண்டுவது. இரு மரபுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, அச்சத்தின் முன் மனிதன் எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்ற வினா எல்லா மரபுகளுக்கும் பொதுவாகி நிற்பதைக் காண்கிறோம்.

எமது பிரதேசத்துக்கும் அது பொதுவானதே. 1990இலும் அதை அடுத்தும் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அப்போது அயலவர் பலர் வாய்மூடி நின்றனர். நின்றவர் யார், போனவர் யார், அச்சத்தால் மௌனித்தவர் யார், இலாபத்துக்காக உடன்பட்டவர் யார் என்ற கணக்கை எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் போடுவது எளிது. சிப்ரியானின் சங்கம் செய்தது போலத் தனித்தனியே கேட்பது கடினம். மீள வந்தவர்களும் வராதவர்களும் தம் அயலவர் பற்றி இன்றும் சொல்ல வைத்திருக்கும் கதைகள் இருக்கின்றன. கேட்பதற்குத்தான் ஆட்கள் குறைவு.

கார்த்தேஜுக்குத் திரும்புவோம். துன்புறுத்தல் ஓய்வதற்குள் கொள்ளைநோய் வந்தது. பல ஆண்டுகள் பேரரசை அலைக்கழித்த அந்த நோயை வரலாற்றாசிரியர்கள் சிப்ரியானின் பெயராலேயே குறிப்பிடுகின்றனர். அதன் அறிகுறிகளை அவர் தமது 'மரணம்' பற்றிய சிறு நூலில் விவரித்ததே காரணம். அவரது திருத்தொண்டர் பொந்தியுஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு, மக்கள் நோயாளரை வீதியிலே விட்டு ஓடிய வேளையில், சிப்ரியான் சபையைக் கூட்டித் தம்மவரை மாத்திரமன்றிப் பிறரையும் பராமரிக்கச் செய்தார் என்கின்றது. சில காலத்துக்கு முன் தம்மைப் பத்திரம் காட்டச் சொல்லித் துரத்திய அதே நகரத்தவர்களே அந்தப் பிறர் என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். கொரோனாக் காலத்தில் உடல்களை அடக்கம் செய்வது பற்றியே வழக்காடிய எமது நாட்டில் அந்தச் சிறு நூலைப் படிப்பது ஒரு தனி அனுபவம்.

அவரது தருமம் பற்றிய நூலையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஸகாத்தின் கடமையை அறிந்த வாசகர்களுக்கு அதன் வாதம் நெருக்கமானதாய்த் தோன்றும். பிள்ளைகளுக்குச் சொத்துச் சேர்க்கவேண்டியிருப்பதால் ஏழைக்குக் கொடுக்க முடியாது என்னும் சாட்டை அவர் விரிவாக எடுத்து மறுக்கின்றார். எழுத்தோடு நிற்கவுமில்லை. நுமிதியாப் பகுதியில் கொள்ளையர் சிறைப்பிடித்துச் சென்றவர்களை மீட்பதற்கெனக் கார்த்தேஜ் சபையாரிடம் 100,000 செஸ்தெர்ஸ் திரட்டி அனுப்பினார். அதனோடு சென்ற கடிதம் தொகுதியில் இருக்கின்றது.

புகழுரை மாத்திரம் எழுதுவது எமது நோக்கமன்று. சிப்ரியானிடம் குறைகள் உண்டு. எதிராளியைப் பற்றி எழுதும்போது அவர் நாவன்மை ஆசிரியராகிவிடுகின்றார். வசை அளவு கடக்கின்றது. திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்னும் கருத்து அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் அதைக் கூறியது பிளவுபட்ட கிறிஸ்தவர்களை நோக்கியே. ஆயினும் பின்வந்த நூற்றாண்டுகள் அக்கருத்தை ஏனைய சமயத்தாருக்கு எதிராகவும் பயன்படுத்தின. பிரிந்து சென்றோர் வழங்கிய திருமுழுக்குச் செல்லாது என்பது அவரது நிலை. உரோமை ஆயர் ஸ்தேவான் அதை ஏற்கவில்லை. 256ஆம் ஆண்டிற் கார்த்தேஜில் 87 ஆயர்கள் கூடிச் சிப்ரியானுக்கு ஆதரவாக ஒருமனதாக வாக்களித்தனர். எனினும் பிற்காலத் திருச்சபை ஏற்றது உரோமையின் நிலையையே. அவ்வகையில், திருச்சபை பிழை எனக் கண்ட கொள்கையொன்றை இறுதிவரை கைவிடாத ஒருவர், அதே திருச்சபையால் புனிதராக வணங்கப்படுகின்றார்.

இத்தகைய ஒருவரோடு இளமையைக் கழித்த தனிநாயகம் அடிகளார், எல்லைகளை இறுக்கிக் காத்த அந்த ஆயரின் வழியிற் செல்லவில்லை. பின்னாளில் 'ஒன்றே உலகம்' என்று தம் பயண நூலுக்குப் பெயரிட்டவர் அவர். கணியன் பூங்குன்றனாரை உலக அரங்குகள் தோறும் எடுத்துச் சென்றவர் அவர். இந்த மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்று கேட்டால், வடக்கன்குளத்தில் என்பதே எமது விடை.

1940இல் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சார்ந்து திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திலுள்ள பாடசாலையில் ஆசிரியப் பணி ஏற்றார். இலத்தீனில் நாவலராக இருந்தவருக்குத் தாய்மொழியின் இலக்கியம் அப்போதுதான் அறிமுகமாயிற்று. ஆங்கிலமும் இலத்தீனும் கற்பித்த கல்லூரிகளில் வளர்ந்த எத்தனையோ யாழ்ப்பாணத்தவருக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது. அவர் அதை மறைக்கவில்லை. சுப்பிரமணிய ஐயர் என்னும் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் கற்றார். உரோமாபுரியிற் கலாநிதிப் பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு ஒருவர், சைவச் சூழலில் ஊறிய பிராமண ஆசிரியர் ஒருவரிடம் தொடக்க மாணவனாகிய காட்சியை நாம் மனக்கண்ணாற் காணவேண்டும். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து முதுகலைப் பட்டமும், பின் சங்கப் பாடல்களில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு மேற்பட்டமும் பெற்றார்.

அதன் பின்னான வாழ்க்கையை வாசகர்கள் பெரும்பாலும் அறிவர். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளரானார். இலண்டனில் மற்றுமொரு கலாநிதிப் பட்டம் பெற்றார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வுத்துறையின் தலைமையை ஏற்றார். 1964 ஜனவரியில் புதுடில்லியிற் கீழைத்தேய ஆய்வாளர் மாநாடு கூடியபோது, வ. ஐ. சுப்பிரமணியம் முதலானோருடன் சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தார்.

ஆனால் இவற்றின் நடுவே அவர் செய்த ஒரு பணியில் எமக்குக் கார்த்தேஜ் ஆய்வின் பயிற்சி தென்படுகின்றது. அது ஐரோப்பிய நூலகங்களில் தமிழ் ஏடுகளைத் தேடியமை. 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ்ச் செபநூல், 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' ஆகியவற்றைப் பற்றி எழுதித் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அந்தம் தெ புரோயன்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ் போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்புச் செய்வித்தார். ஒரு கடிதம் எப்போது எழுதப்பட்டது, எதற்கு விடையாக எழுதப்பட்டது, எந்தப் படி மூலத்துக்கு நெருக்கமானது எனச் சிப்ரியானின் கடிதங்களில் கேட்டுப் பழகியவரே, இந்த ஏடுகளிடமும் அதே வினாக்களைக் கேட்டார். பழம்பெருமை பேசுவோர் நிறைந்த துறையில் ஆண்டும் அச்சகமும் படியும் முக்கியம் என்று வற்புறுத்திய பழக்கம் அவருக்கு இலத்தீன் வழி வந்தது என்பது எமது கருத்து. இதை மறுப்போரும் இருக்கக்கூடும்.

1966 ஏப்ரலிற் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் மாநாட்டை மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். 1968 ஜனவரியில் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் மாநாட்டைத் தொடக்கி வைத்தவர் இந்தியக் குடியரசுத் தலைவர் ஸாகிர் ஹுசைன். கத்தோலிக்கக் குரு ஒருவர் முன்னின்று அமைத்த தமிழ் மன்றத்தின் முதல் இரு மாநாடுகளையும் இஸ்லாமியப் பெருமக்கள் இருவர் தொடக்கி வைத்தமை அக்காலத்தில் எவருக்கும் வியப்பளிக்கவில்லை. இன்று அதை எடுத்துச் சொல்லவேண்டியிருக்கின்றது.

1970இல் பாரிஸிலும், 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலும் அடுத்த மாநாடுகள் நடைபெற்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் முன்னின்று நடத்திய யாழ்ப்பாண மாநாடு, 10ஆம் திகதி இரவு பொலிஸார் புகுந்த பின்னர் உயிரிழப்புக்களில் முடிந்ததை எமது மக்கள் மறக்கவில்லை. தாம் வளர்த்த மன்றம் தம் சொந்த மண்ணிற் கூடிய வேளையில் நிகழ்ந்த அத்துயரைக் கண்ட அடிகளார், ஓய்வுக்காலத்தை யாழ்ப்பாணத்திலேயே கழித்தார். 1980இல் தந்தை செல்வா நினைவுப் பேருரையைத் தமிழாராய்ச்சி கடந்துவந்த பாதையும் செல்லவேண்டிய பாதையும் பற்றி நிகழ்த்தினார். அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி காலமானார். ஒன்பது மாதங்களின் பின் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது.

இனி, சிப்ரியானைப் படிக்க விரும்பும் புதிய வாசகர்களுக்குச் சில குறிப்புகள். திருச்சபையின் ஒருமை பற்றிய நூலே அவருடையவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். அதன் நான்காம் அதிகாரம் இரு வேறு வடிவங்களில் வழங்குகின்றது. ஒன்று பேதுருவின் தலைமையை வலியுறுத்துகின்றது, மற்றது அவ்வாறன்று. இரண்டையும் சிப்ரியானே எழுதினாரா என்ற விவாதத்தில் புதியவர் சிக்கிக்கொள்வார். பேராசிரியர்களுக்கு அது சோறு. எமக்கு அது கல். மறைவிடக் கடிதங்களை முதலிற் படிக்கலாம். அடுத்து 'மரணம்', பின்னர் 'வழுவியோர்', அதன்பின் பொறுமையின் நன்மை பற்றிய நூல். நண்பர் தொனாத்துஸுக்கு எழுதிய தொடக்ககால நூலில் அலங்காரம் மிகுதி, பொறுமையுள்ளவர்கள் படிக்கலாம். பொந்தியுஸ் எழுதிய வரலாறு சிறியது, ஒரே அமர்வில் முடியும்.

ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் வாலிஸ் செய்த மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது. கிளார்க் 1984 முதல் 1989 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட கடிதங்களின் மொழிபெயர்ப்பு விரிவான விளக்கக் குறிப்புகள் கொண்டது. இவ்விரண்டிலும் கடிதங்களின் இலக்கங்கள் வேறுபடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. ஒன்றிற் படித்ததை மற்றதில் தேடி அலுத்தவர்களுள் நாமும் அடங்குவோம்.

சிப்ரியான் வாழ்ந்த கார்த்தேஜை 698இல் அரபுப் படைகள் கைப்பற்றின. அதன் இடிபாடுகளிலிருந்து எடுத்த தூண்கள் அருகேயுள்ள துனிஸ் நகரின் ஸைத்தூனாப் பள்ளிவாசலைத் தாங்கி நிற்கின்றன. இப்னு கல்தூன் 1332இற் பிறந்தது அந்நகரிலேதான். சிப்ரியான் நாடு கடத்தப்பட்டு ஓராண்டு வாழ்ந்த குருபிஸ் என்னும் கடலோர ஊர், கோர்பா என்ற பெயரில் இன்றும் இருக்கின்றது. அங்கிருந்தே அவர் திரும்ப அழைக்கப்பட்டு, 258ஆம் ஆண்டு ஆளுநர் முன் நிறுத்தப்பட்டார். விசாரணை சில கேள்விகளோடு முடிந்தது.  தம்மை வெட்டவந்த கொலையாளிக்கு 25 பொற்காசுகள் கொடுக்குமாறு தம்மவரிடம் சொல்லிவிட்டு, தாமே கண்களைக் கட்டிக்கொண்டார்.